பூக்குழி அண்ணாச்சியும் சீன ஊசியும்

தூத்துக்குடியில் தோணிச் சாமான் விற்கிற கடைகளுக்குப் பஞ்சமில்லை. கயிறு, கீல், பாய்த்துணி, ஆணி, அரிக்கன் விளக்கு எல்லாம் எந்தக் கடையிலும் ஏறக்குறைய ஒரே விலைதான். ஆனாலும் கிரேட் காட்டன் ரோட்டிலிருந்து பிரிகிற சந்தில் இருந்த சிவனணைந்தபெருமாள் கடைக்கு மட்டும் தனி மவுசு. கயிறு வாங்க வருகிற தோணிக்காரர்கள் காசைக் கொடுத்துவிட்டு மேசைக்கு அடியில் எட்டிப் பார்ப்பார்கள். அங்கே அவருடைய கால்கள் இரண்டும் ஒரு சாக்கின்மேல் நீட்டி வைக்கப்பட்டிருக்கும். வருசா வருசம் அம்மன் கோவில் ஆடிக் கொடைத் திருவிழாவில் இருபத்தோரு அடி நெருப்பை, கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவர் மாதிரி ஆற அமரக் கடந்துபோன கால்கள் அவை. சிலர் சாக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதும் உண்டு. அண்ணாச்சி அதைக் கவனிக்காததுபோல் இருப்பார். ஆனால் காலை இன்னும் கொஞ்சம் வெளியே நீட்டுவார்.

முழுப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான். தெருவுக்கு அவர் பூக்குழி அண்ணாச்சி.

இந்தப் பட்டம் வந்தது எழுபதாம் வருச ஆடியில். அம்மன் கோவில் முன்னால் உடைமர விறகை ராத்திரி முழுக்க எரித்து, விடியற்காலையில் கனலைப் பூக்குழியில் பரப்பி, காப்புக் கட்டினவர்கள் ஒவ்வொருவராக இறங்குவார்கள். ஆடியில் கடல் கொந்தளிப்பு. தோணி ஓடாது. ஆகவே தோணிக்காரர்கள் மொத்தப் பேரும் கரையில்தான் கிடப்பார்கள். கூட்டத்துக்குக் குறைவில்லை. மற்றவர்கள் எல்லாம் அம்மா தாயே என்று நாலே எட்டில் அக்கரை சேர்ந்தபோது, சிவனணைந்தபெருமாள் மட்டும் நடந்தார். நடந்ததோடு விட்டாரா? நடுக்குழியில் நின்றார். அம்மன் இருக்கிற திசைக்குத் திரும்பி ஒரு கும்பிடு போட்டார். பிறகு வேட்டி நுனியைச் சரிசெய்துகொண்டு மிச்ச தூரத்தைக் கடந்தார். பெண்கள் போட்ட குலவை பழைய துறைமுகம் வரைக்கும் கேட்டதாகச் சொல்வார்கள்.

அந்த முதல் வருசம் அவர் யாரையும் ஏமாற்றவில்லை. அம்மன்தான் தன் பாதத்தைத் தாங்கினாள் என்று மனசார நம்பினார். அன்றைக்கு அவர் விட்ட கண்ணீர் நிசக் கண்ணீர். அவருக்குப் பத்து வருசமாகச் சீனி வியாதி. அந்தச் சீனி மெல்ல இறங்கிப்போய்ப் பாதத்து நரம்பைத் தின்று முடித்திருந்தது என்பது அவருக்கே அப்போது தெரியாது. இனிப்பைத் தொடாதீர் என்று டாக்டர் சொல்லியிருந்தார்தான். ஆனால் கடைக்கு எதிரே பேக்கரி. மக்ரூன் சுடுகிற வாசனை பத்து மணிக்கெல்லாம் சந்துக்குள் வந்துவிடும். "இது முந்திரிப்பருப்பும் முட்டையுந்தானடே, இதுல சீனி எங்க இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே நாளைக்கு நூறு கிராம் தின்று தீர்ப்பார்.

மூன்றாம் வருசம் விசயம் வெளிச்சமாயிற்று. ஒருநாள் மத்தியானம் சாப்பிட வந்தவர் நடந்த வழியெல்லாம் தரையில் சிவப்பாகத் திட்டுத் திட்டாக இருந்தது. அவருடைய மனைவி அருணாசலவடிவு பதறிப்போய் செருப்பைக் கழற்றினாள். ஒன்றரை அங்குலத் தோணி ஆணி செருப்பைத் துளைத்துக் குதிகாலுக்குள் ஏறியிருந்தது. எப்போது ஏறியது என்று கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. காலையில் கடையில் ஆணி எடை போட்டதிலிருந்து அந்தக் காலோடுதான் பேக்கரிக்கும் பாங்கிக்கும் போய் வந்திருக்கிறார். அண்ணாச்சி ஆணியைப் பார்த்தார். குதிகாலைப் பார்த்தார். பூக்குழியை நினைத்தார். எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கினதை அந்த நிமிசமே மறந்தும் போனார். அதுதான் அவருடைய சாமர்த்தியம்.

"ஏளா, இதை யாருகிட்டயும் மூச்சு விடாத" என்று மட்டும் சொன்னார்.

வடிவு எதைத்தான் வெளியே சொன்னாள், இதைச் சொல்ல? ஒவ்வொரு கொடை முடிந்ததும் அண்ணாச்சி பத்து நாள் கடையை மூடிவிட்டு மௌன விரதம் இருப்பது தெருவுக்கே தெரிந்த பெருமை. உள்ளே நடந்தது வேறு. அவர் கட்டிலில் காலை நீட்டிக் கிடப்பார். வடிவு தரையில் உட்கார்ந்து, கொப்புளம் வெடித்த இரண்டு பாதத்திலும் ஒட்டியிருக்கிற கரித்துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுப்பாள். வேப்பிலை போட்டுக் காய்ச்சின தண்ணீரால் கழுவுவாள். மருந்தைத் தடவித் துணி சுற்றுவாள். அவர் பேப்பர் படிப்பார். வலிக்கிறதா என்று முதல் வருசம் கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

பெருமை தலைக்கு ஏறினால் சட்டம் போடத் தோன்றும். எழுபத்துமூன்றில் கோவில் கமிட்டித் தலைவரான உடனே அண்ணாச்சி ஒரு சட்டம் போட்டார். பூக்குழியில் நிதானமாக நடக்க வேண்டும். ஓடினால் அவன் மனசில் அழுக்கு இருக்கிறது என்று அர்த்தம். ஓடினவன் சபை முன்னால் நின்று செய்த தப்பைச் சொல்ல வேண்டும். அடுத்த இரண்டு வருசம் காப்புக் கட்டக் கூடாது.

அந்தச் சட்டத்தில் முதலில் மாட்டினவன் மாசானம். ஆற்றோரத்து வயற்காட்டுக் கிராமத்திலிருந்து வந்து, தோணிகளுக்கு மூட்டை சுமக்கிறவன். மகளுக்கு அம்மை கண்டு பிழைத்ததற்காக நேர்ந்துகொண்டு இறங்கினான். இரண்டு எட்டு வைத்தான். மூன்றாவது எட்டில் பறந்தான். சபையில் நிறுத்தினார்கள்.

"ஏலே, என்ன தப்புலே செஞ்ச? உள்ளதைச் சொல்லு."

"ஒரு தப்பும் செய்யல அண்ணாச்சி."

"பொறவு ஏன்லே ஓடுன?"

மாசானம் யோசித்துப் பார்த்தான். வேறு காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

"சுட்டுது அண்ணாச்சி" என்றான்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அண்ணாச்சியும் சிரித்தார். "நெருப்பு சுட்டுதாம்லே!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி இன்னொரு தரம் சொல்லிக் காட்டினார். அன்றிலிருந்து மாசானத்தின் பெயர் சுட்டுது மாசானம். துறைமுகத்தில் மூட்டை ஏற்றும்போதுகூட, "ஏ சுட்டுது, இந்தப் பக்கம் வா" என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடம் போகிற அந்த மகளையும் விடவில்லை.

நரம்பு செத்தால் உணர்ச்சி மட்டும் போகும் என்று அண்ணாச்சி நினைத்திருந்தார். அது அப்படி லேசில் விடுகிற சனியன் இல்லை. எழுபத்தைந்து ஐப்பசிக்கு மேல் இரண்டு பாதத்திலும் எரிச்சல் ஆரம்பித்தது. வெளியே தொட்டால் தெரியாது, உள்ளே மிளகாய் அரைத்துப் பூசினதுபோல் காந்தும். படுத்தால் போர்வை பட்டாலே ஆகாது. வாளித் தண்ணீரில் காலை விட்டபடி உட்கார்ந்தே விடிகிற நிலைமை. நிசமான நெருப்பு தெரியாத காலில் இல்லாத நெருப்பு எரிந்தது. டாக்டர் காலைத் திருப்பிப் பார்த்துத் தழும்புகளை எண்ணினார். "இனிமே இங்க ஒரு புண்ணு வந்தா ஆறாது. கணுக்காலோட எடுக்க வேண்டியதுதான்" என்றார். அண்ணாச்சி கேட்டுக்கொண்டார். ஆனால் ஆடிக்கு இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறதே என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

கிருபாநிதி கொழும்பிலிருந்து திரும்பினது அந்தச் சமயத்தில்தான். நாசரேத்துக்காரர். தூத்துக்குடியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர், யாரையோ பார்க்கக் கொழும்பு போன இடத்தில் முதுகுவலிக்குச் சீன ஊசி குத்திக்கொண்டு, வலி போன ஆச்சரியத்தில் அங்கேயே மூன்று மாதம் தங்கிப் படித்துவிட்டார். வரும்போது ஒரு பெட்டியும், உடம்பெல்லாம் புள்ளி வைத்த ஒரு மனுசன் படமும் கொண்டுவந்தார். கடைப் பலகையில் 'ரேடியோ ரிப்பேர்' என்பதற்குக் கீழே, 'சீன மின்சார ஊசி வைத்தியம், நரம்பு வலி, எரிச்சல், மரத்துப்போதல்' என்று எழுதிக்கொண்டார். மேல் வரியை அழிக்கவில்லை. வைத்தியம் ஓடாவிட்டால் ரேடியோ இருக்கட்டும் என்கிற முன்ஜாக்கிரதை.

வடிவுதான் அண்ணாச்சியை அங்கே இழுத்துக்கொண்டு போனாள். "நீங்க தூங்கி நாலு மாசம் ஆச்சு. கரண்டோ கிரண்டோ, போய்த்தான் பாப்போம்" என்றாள்.

பெட்டி சின்னதுதான். டார்ச் லைட்டுக்குப் போடுகிற பேட்டரியில் ஓடும். ஆறு வயர், ஆறு குமிழ். கிருபாநிதி முழங்காலுக்குக் கீழே இரண்டு, கணுக்கால் பக்கத்தில் இரண்டு, புறங்காலில் இரண்டு என்று மயிரளவு ஊசிகளை இறக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு கிளிப்பை மாட்டினார்.

"அண்ணாச்சி, இதுல எனக்கு மீட்டர் கிடையாது. நீங்கதான் மீட்டர். குமிழைத் திருப்புதேன். எறும்பு ஊருத மாதிரி லேசாத் தெரிஞ்ச உடனே சொல்லிரணும். தெரிஞ்சா தெரியுதுன்னு சொல்லுங்க, தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. பொய் மட்டும் சொல்லிராதிய. அளவு தப்பிரும்."

"நான் ஏன் வே பொய் சொல்லப் போறேன்?"

ஒன்றில் வைத்தார். தெரியவில்லை. இரண்டு, மூன்று. தெரியவில்லை. நாலில் வைத்தபோது அண்ணாச்சியின் பெருவிரல் துள்ள ஆரம்பித்தது. டிக் டிக் என்று நின்று நிதானித்துத் துள்ளியது. மேசைமேல் ரிப்பேருக்கு வந்திருந்த ரேடியோ ஒன்று பாடிக்கொண்டிருந்தது. பெட்டியின் துடிப்பு அதற்குள் புகுந்து, பாட்டுக்கு நடுவே அதே டிக் டிக் கேட்டது. பெருவிரல் பாட்டுக்குத் தாளம் போடுவதுபோல் இருந்தது.

"இப்பத் தெரியுதா?"

அண்ணாச்சி கூரையைப் பார்த்தபடி, "ஒரு மண்ணும் தெரியல" என்றார்.

வடிவுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குக் கல்யாணமான இத்தனை வருசத்தில் புருசனின் காலாவது அவளுக்காக ஆடினதே என்றிருந்தது. கிருபாநிதி சிரிக்கவில்லை. விரல் ஆடுகிறது, ஆள் தெரியவில்லை என்கிறார். குமிழை மேலே கொண்டுபோகாமல் மூன்றுக்கு இறக்கினார். "தெரியாத கால்ல கூட்டி வச்சா வெந்து போகும். ஆளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மெள்ளத்தான் போகணும்" என்றார். மூன்று மாதப் படிப்புத்தான் என்றாலும், மனுசனுக்குத் தன் அறியாமையின் அளவு தெரிந்திருந்தது.

மாசி, பங்குனி, சித்திரை என்று வாரத்துக்கு மூன்று நாள் போனார். இரண்டாம் மாதம் எரிச்சல் தணிந்தது. ஒருநாள் விடியும்வரை அடித்துப்போட்டதுபோல் தூங்கினார். மக்ரூனையும் வடிவு பேக்கரிக்காரரிடம் சண்டை போட்டு நிறுத்தியிருந்தாள். எது வேலை செய்தது என்று சாமிக்குத்தான் தெரியும். கிருபாநிதி ஊசிதான் என்றார். டாக்டர் பத்தியம்தான் என்றார்.

வைகாசியில் கடைக்குள் செருப்பில்லாமல் நடந்த அண்ணாச்சி பாய் தைக்கிற கோணி ஊசியை மிதித்தார். "எம்மா!" என்று அவர் போட்ட சத்தத்தில் கயிறு அளந்துகொண்டிருந்த ஆள் முழத்தை விட்டுவிட்டான். அண்ணாச்சி காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார். வலித்தது. நன்றாகவே வலித்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. "வலிக்குதுடே! வலிக்குது!" என்று சிரித்தார். கிருபாநிதிக்கு ஒரு பெரிய சீப்பு வாழைப்பழமும் வேட்டியும் போயிற்று. வீட்டுக்குள் நடந்து தரை குளிர்ச்சியாக இருக்கிறது என்று வடிவிடம் சொன்னார். மணல் நறநறக்கிறது என்று சொன்னார். தரை குளிரும் என்பதைக் கண்டுபிடித்தவர் அவர்தான் என்பதுபோல இருந்தது பேச்சு.

நாலு நாள் இந்தக் கொண்டாட்டம். ஐந்தாம் நாள் கமிட்டிச் செயலாளர் நல்லக்கண்ணு ஆடிக் கொடை நோட்டீசுக்குக் கையெழுத்து வாங்க வந்தார். அதில் முதல் வரியிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: 'ஏழாம் முறையாக நமது தலைவர் பூக்குழி இறங்குவார்.' அண்ணாச்சிக்குக் கையெழுத்துக் கோணிப்போயிற்று.

அன்றைக்குச் சாயங்காலமே கிருபாநிதி கடையில் போய் உட்கார்ந்தார்.

"வே, சீனாவுல இந்தப் பெட்டிய வச்சுத்தான் ஆளை முழிக்க வச்சுக்கிட்டே வயித்தைக் கிழிச்சு ஆப்பரேசன் பண்ணுதான்னு சொன்னீரே, நெசந்தானா?"

"நெசந்தான். படமே பாத்தேன்."

"வயித்தையே மரக்க வைக்க முடியும்னா, காலை ஒரு அரை மணி நேரம் மரக்க வைக்க முடியாதா?"

கிருபாநிதி கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "அண்ணாச்சி, உணர்ச்சி வரணும்னு நாலு மாசம் வந்திய. வந்துட்டு. இப்பம் போகணும்னு வாரியளா?"

"ஒரு நாளைக்கு மட்டும். பொறவு திரும்ப வரட்டும்."

"அது பெரிய டாக்டர்மாரு வேலை. எனக்குத் தெரியாது. இன்னொன்னு, இந்தக் கால்ல இன்னும் ஒரு தீப்புண்ணு தாங்காது. போகாதிய."

வடிவும் அதையே சொன்னாள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமே என்றாள். அண்ணாச்சிக்கும் அது தோன்றாமல் இல்லை. ஆனால் அவர் இறங்காவிட்டால், ஆறு வருசமாகக் கோவில் மரியாதையாக அவருக்குக் கட்டின பரிவட்டம் இந்த வருசம் நல்லக்கண்ணு தலையில் ஏறும். அந்தத் தலையை நினைத்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பக்கம் கால், இன்னொரு பக்கம் தலைப்பாகை. நியாயமாக யோசிக்கிறவன் எதை எடுப்பான் என்று சின்னப்பிள்ளைகூடச் சொல்லும். அண்ணாச்சி தலைப்பாகையை எடுத்தார்.

கிருபாநிதியை அவர் கரைத்த விதமும் சொல்ல வேண்டியதுதான். கோவில் திடலில் மைக்கில் உங்கள் பெயரைச் சொல்கிறேன் என்றார். நூறு பேர் உங்கள் கடைக்கு வருவார்கள் என்றார். பலகையில் மேல் வரியை அழித்துவிடலாம் என்றார். அந்தக் கடைசி வார்த்தையில் கிருபாநிதி விழுந்தார். நல்ல மனுசன்தான். ஆனால் ரேடியோவில் ஈயம் பற்றவைத்துப் பற்றவைத்து அலுத்துப்போன மனுசனும்கூட.

கொடையன்று விடியற்காலம், திடலுக்குப் பின்னால் இருந்த பந்தல் சாமான் கொட்டகையில் பெட்டி தயாராயிற்று. மஞ்சள் வேட்டி, கையில் காப்பு, கழுத்தில் மாலையோடு அண்ணாச்சி ஒரு பெஞ்சில் படுத்தார். வெளியே மேளம். காதில் ஊசி, காலில் ஊசி. நாற்பது நிமிசம் பெட்டி ஓடியது. பெருவிரல் பழையபடி துள்ளியது. கிருபாநிதி ஒரு குண்டூசியை எடுத்துப் பாதத்தில் மெல்லக் குத்தினார்.

"தெரியுதா அண்ணாச்சி?"

தெரிந்தது. சுருக்கென்று தெரிந்தது. ஆனால் முன்னளவு இல்லையோ என்றும் இருந்தது. இல்லை என்றே வைத்துக்கொள்வோம் என்று மனசு சொன்னது. அவர் பல்லைக் கடித்தார்.

"தெரியல."

"கண்ணு சிமிட்டுனியளே?"

"தூசி வே. தெரியலங்கேன்லா!"

முதல் நாளே எச்சரித்திருந்தார் மனுசன், நீங்கதான் மீட்டர் என்று. அந்த மீட்டர் இப்போது பொய் காட்டியது. கிருபாநிதி ஊசிகளை உருவினார்.

கனலை விரித்து முடித்திருந்தார்கள். காப்புக் கட்டினவர்கள் ஈர வேட்டியோடு வரிசையில் நின்றார்கள். இரண்டு வருசத் தண்டனை முடிந்து மாசானமும் கடைசியில் நின்றான். அண்ணாச்சியைப் பார்த்ததும் கூட்டம் விலகி வழிவிட்டது. குலவை கிளம்பியது. அண்ணாச்சி கண்ணை மூடி அம்மனை வேண்டினார். ஆறு வருசமாக அவர் அவளிடம் எதையும் கேட்டதில்லை. கேட்க அவசியம் இருந்ததில்லை. "தாயே, இன்னைக்கு ஒரு நாள் பழைய காலைக் குடு" என்று கேட்டார்.

வலது காலை வைத்தார். நின்று கும்பிட வேண்டும் என்று கணக்கு. இடது காலை வைத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை அங்கே இருந்தவர்கள் ஆளுக்கு ஒருவிதமாகச் சொல்கிறார்கள். அண்ணாச்சி ஓடினார் என்பவர்கள் உண்டு. ஓடவில்லை, குதித்தார் என்பவர்கள் உண்டு. மாலை அறுந்து கனலில் விழுந்தது என்பதிலும், வேட்டியை இரண்டு கையாலும் தொடைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார் என்பதிலும் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து. அக்கரையில் கால் நனைக்கிற பால் குழியில் நிற்காமல் அதையும் தாண்டி, மேளக்காரர்களுக்கு நடுவில் போய்த்தான் நின்றார். தவில்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

மற்றவர்கள் இறங்கி முடிந்ததும் சபை கூடியது. நல்லக்கண்ணு தொண்டையைச் செருமினார். மூன்று வருசமாக எதிர்பார்த்த செருமல்.

"அண்ணாச்சி, சட்டம் நீங்க போட்டதுதான். ஓடுனவுக தப்பைச் சொல்லணும்."

அண்ணாச்சிக்கு வழி தெரிந்தது. ஏதாவது ஒரு தப்பை ஒப்புக்கொண்டால் போதும். தப்புச் செய்தவர் என்ற பெயர் ரெண்டு வருசத்தில் போய்விடும். காலைப் பற்றிய உண்மை வெளியே வந்தால் ஆறு வருசப் பரிவட்டமும் போய்விடும்.

"விரத நாள்ல மக்ரூன் தின்னுட்டேன். முட்டை போட்டது. அதான்" என்றார்.

பேக்கரிக்காரர் கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தார். "இந்த வருசந்தான அண்ணாச்சி நீங்க திங்கல? போன ஆறு வருசமும் விரதத்துல நம்ம கடையிலதான வாங்குனிய. அப்பம்லாம் நல்லாத்தான நடந்திய?"

கூட்டம் முணுமுணுத்தது. அண்ணாச்சி அடுத்ததை எடுத்தார்.

"கயித்துல முழம் கொறச்சு அளந்துட்டேன்."

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான" என்றார் ஒரு தோணிக்காரர், கோபமே இல்லாமல். "நாங்க கூட ரெண்டு முழம் சேத்துக் கேட்டுத்தான வாங்குதோம். எழுவதாம் வருசத்துலயிருந்து கொறைக்கிய. அதுக்காக அம்மன் இன்னைக்கா சுடணும்?"

இப்படி அவர் எடுத்த தப்பு ஒவ்வொன்றும் பழசாக இருந்தது. கோபம், பொய், பெண்டாட்டியை வைதது, ஒன்றும் செல்லவில்லை. எல்லாவற்றையும் செய்துகொண்டேதான் ஆறு வருசம் அன்னநடை நடந்திருக்கிறார். புதுசாக ஒரு பாவம்கூடக் கையில் இல்லாமல் நின்றார். பாதம் காந்தியது. வெயில் ஏறியிருந்தது. பெண்கள் பக்கத்தில் வடிவு நிற்பது தெரிந்தது. வரிசை ஓரத்தில் மாசானம் தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பொறவு ஏன்தான் அண்ணாச்சி ஓடுனிய?" என்றார் நல்லக்கண்ணு.

அண்ணாச்சி குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"சுட்டுது" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்து அவரே இன்னொரு தரம் சொன்னார். "சுட்டுதுடே. ஆறு வருசமா என் காலுக்கு ஒண்ணுமே தெரியாது. சீனி வியாதி. ஆணி ஏறுனாலும் தெரியாது, நெருப்புல நின்னாலும் தெரியாது. கிருபாநிதி ஊசி குத்தி இப்பந்தான் உணர்ச்சி வந்துது. அதான் சுட்டுது."

மாசானம்தான் பதில் சொன்னான். அவன் குரலில் கேலி இல்லை. அதுதான் அண்ணாச்சிக்குத் தாங்கவில்லை.

"சுட்டா ஓடத்தான அண்ணாச்சி செய்யணும்" என்றான்.

பரிவட்டம் நல்லக்கண்ணுக்குப் போயிற்று. அவர் தலைவரானதும் செய்த முதல் காரியம், ஓடக் கூடாது என்ற சட்டத்தைச் சத்தமில்லாமல் நோட்டிலிருந்து எடுத்தது. அவருக்கும் கால் இருக்கிறதல்லவா. கிருபாநிதிக்கு மைக்கில் சொல்லாமலே நூறு பேர் வந்தார்கள். அம்மன் கொடுத்த வரத்தைக் கரண்டு வைத்துக் கெடுத்த பாவி என்று திட்டுவதற்குப் பாதிப் பேர். மரத்துப்போன காலோடு மீதிப் பேர். கடைசியில் பலகையின் மேல் வரியை அழித்துவிட்டார். இதெல்லாம் பிறகு நடந்தது.

அன்று மத்தியானம் அண்ணாச்சி வீட்டுக்கு வந்து கட்டிலில் விழுந்தார். வடிவு வழக்கம்போல் வேப்பிலைத் தண்ணீர், துணி, மருந்துச் சீசா எல்லாம் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அவர் காலை மடியில் வைத்தாள். வலது பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். இடது பாதத்தையும் பார்த்தாள். கரி இருந்தது. சிவந்திருந்தது. கொப்புளம் ஒன்றுகூட இல்லை. ஓடினவன் காலைச் சுடுவதற்கு நெருப்புக்கு எங்கே நேரம்? மருந்துச் சீசாவைத் திறக்காமலே தள்ளி வைத்தாள்.

ஈரத்துணியால் உள்ளங்காலைத் துடைத்தாள். அண்ணாச்சி வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார்.

"ஏளா, கூசுது!"

அவமானத்தில் வெந்துகொண்டிருந்த மனுசனுக்கு அந்த நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. வடிவு சிரிக்கவில்லை. நனைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

"ஆறு வருசமா வருசத்துக்குப் பத்து நாள் இந்தக் காலைத் தொட்டுத் தொடச்சிருக்கேன். இன்னைக்குத்தான் என் கை இருக்குன்னே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, என்ன?"

அண்ணாச்சி பேப்பரைத் தேடினார். அது கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுக்காமல், இழுத்த காலைத் திரும்ப அவள் மடியில் வைத்தார்.